கருவிழியில் காயம்: தையல் போட்ட பிறகும் ஏன் பார்வை வரவில்லை?

“ஏம்மா, தையல் எல்லாம் போட்டாச்சுன்னு டாக்டர் சொன்னாரு. கட்டும் பிரிச்சாச்சு. ஆனா கையை ஆட்டுனா மட்டும்தான் தெரியுதுன்றான் என் புள்ள. ஆபரேஷன் சரியா ஆகலையா?”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கும் பையனின் அம்மா கேட்டது இது. கட்டிங் வீல் உடைந்து, தெறித்த சில்லு அவனுடைய வலது கண்ணைக் கிழித்துவிட்டது. ராத்திரி அறுவை சிகிச்சை முடிந்து, மறுநாள் காலையில் பார்வையைச் சோதிக்க என் அறைக்கு வந்திருந்தார்கள். சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனை செய்வது என் வேலை. இதே கேள்வியை எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளியே வரிசை நிற்கும்போது இரண்டு நிமிஷத்தில் ஏதோ சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நிமிஷம் எனக்கே திருப்தியாக இருந்ததில்லை. அதனால் இங்கே உட்கார்ந்து முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘கருவிழி’ என்று நாம் சொல்லும் இடத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கைக்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடி, அடியில் டயல். கண்ணிலும் அப்படித்தான். மேலே, நிறமே இல்லாத கண்ணாடி போன்ற பகுதி கார்னியா. அடியில் கருப்பாகவோ பழுப்பாகவோ தெரிவது ஐரிஸ். அதன் நடுவில் இருக்கும் ஓட்டைதான் பாப்பா. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே தெளிந்த நீர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ‘கருவிழியில் காயம்’ என்று எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் மேலே இருக்கும் அந்தக் கண்ணாடியைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதை கார்னியா என்றே சொல்கிறேன்.

அதன் அகலம் சுமார் 11 முதல் 12 மில்லிமீட்டர். நடுவில் கனம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஜெராக்ஸ் பேப்பர் ஐந்தாறு தாளைச் சேர்த்துப் பிடித்தால் வரும் கனம் அவ்வளவுதான். அதற்குள் ஒரு ரத்தக் குழாய்கூடக் கிடையாது. இருந்தால் ஒளி தெளிவாக ஊடுருவாது. ஆக்சிஜனை வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவும், சத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொண்டு உயிர் வாழ்கிற சதை அது.

பலருக்கும் தெரியாத விஷயம் இன்னொன்று. கண்ணுக்குள் லென்ஸ் இருக்கிறது, அதுதான் காட்சியைக் குவிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இந்தக் கார்னியாதான். டயாப்டர் என்பது லென்ஸின் பவரை அளக்கும் அலகு. கண்ணின் மொத்த பவர் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் 43 வரை கார்னியாவின் வளைவிலிருந்து வருகிறது. அதனால் கார்னியா கிழிவதைத் தோல் கிழிவதோடு ஒப்பிட முடியாது. லென்ஸ் கிழிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் அடிபட்டால் தையல் போட்டு ஆறிய பிறகு தழும்பு நின்றாலும் கால் நடக்கும். கார்னியாவில் தழும்பு நின்றால் அது வெள்ளையாக நிற்கும். நம் ஊரில் ‘கண்ணுல பூ விழுந்திருக்கு’ என்பார்களே, அந்தப் பூ இதுதான்.

எந்த அடுக்கு வரை அடிபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வளர்ந்து மூடிக்கொள்ளும், தழும்பும் நிற்காது. அதற்குக் கீழே, கனத்தில் பத்தில் ஒன்பது பங்காக இருக்கும் நடு அடுக்கில், இருநூறுக்கும் மேற்பட்ட மெல்லிய நார்த் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்குதான் அதைக் கண்ணாடியாக வைத்திருக்கிறது. அது அறுந்து ஆறும்போது பழைய ஒழுங்கு திரும்புவதில்லை, பூ விழுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், உள்பக்கத்தில், ஒரே வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. கார்னியாவுக்குள் ஊறி வரும் நீரை ராப்பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு செல்கள்போல இருக்கும். போனால் புதிதாக முளைப்பதில்லை. பக்கத்துச் செல்கள் அகண்டு இடத்தை நிரப்பப் பார்க்கும், அவ்வளவே. மிகவும் குறைந்துவிட்டால் கார்னியா நீர் கோத்து, புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

ஆகவே கார்னியாவைச் சரிசெய்வது என்றால் கசியக் கூடாது, மங்கக் கூடாது, வளைவு கோணக் கூடாது. அந்த அம்மாவின் மகனுக்கு முதல் நாள் ராத்திரி நடந்தது இதில் முதல் வேலை மட்டும். கண் என்கிற பந்திலிருந்து நீர் ஒழுகாமல், உள்ளே கிருமி போகாமல் அடைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் மாதக்கணக்கு ஆகும்.

எல்லாக் காயத்துக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் நகம் கீறியது, பைக்கில் போகும்போது தூசி விழுந்தது போன்றவை பெரும்பாலும் மேல்தோலோடு போய்விடும். கிரைண்டிங் வேலையில் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தூளை மரப்பு மருந்து விட்டு, ஊசி முனையால் நெம்பி எடுப்பார்கள். ஒரு நாள் தாண்டினாலே அதைச் சுற்றித் துரு வளையம் படியும், அதையும் சுரண்ட வேண்டிவரும். பட்டறையில் கூட இருப்பவர் லுங்கி முனையைத் திரித்தோ, தீக்குச்சியாலோ எடுத்துவிடுவது சென்னையில் இன்றைக்கும் நடக்கிறது. தயவு செய்து வேண்டாம். அரை மில்லிமீட்டர் கனத்தின் மேல் தீக்குச்சி போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்து ராத்திரியில் கண்ணில் மணல் கொட்டினாற்போல் எரிவதும் மேல்தோல் காயம்தான். ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் வலி தாங்காமல் மரப்பு சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து வலியை மறைக்கும், தோல் வளர்வதையும் தடுக்கும். அப்படி விட்டே கார்னியா கரைந்துபோனவர்கள் உண்டு. இன்னொன்று, தென்னை ஓலை, நெல் தாள், வேப்பங்குச்சி மாதிரி செடிகொடி எது பட்டாலும் சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். நம் வெயிலிலும் ஈரத்திலும் பூஞ்சைக் கிருமி அந்தக் கீறல் வழியாக உள்ளே போய், சில நாள் கழித்து வெள்ளைப் புள்ளியாகக் கிளம்பும். மெடிக்கல் ஷாப்பில் “சிவப்பு குறையறதுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க” என்று வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

இப்போது ஆழமான காயத்துக்கு வருவோம். கார்னியா முழுக் கனமும் கிழிந்துவிட்டால் கண் திறந்துவிட்டது என்று அர்த்தம். நோயாளிகளே அதை அழகாகச் சொல்வார்கள்: “வெதுவெதுன்னு தண்ணி மாதிரி ஒண்ணு கன்னத்துல வழிஞ்சுது.” அழுகைக் கண்ணீராக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வழிந்தது கண்ணின் உள்நீர்.

அம்பத்தூர்த் தம்பிக்கும் அப்படித்தான் வழிந்திருக்கிறது. பட்டறையில் நல்ல எண்ணத்தோடு மூன்று காரியம் செய்திருக்கிறார்கள். அந்த மூன்றையும் வாரம் தவறாமல் யாராவது செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, குழாயைத் திறந்து கண்ணைக் கழுவிவிட்டார்கள். சுண்ணாம்போ ஆசிடோ விழுந்தால் கழுவுவதுதான் உயிர்காக்கும் வேலை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் கிழிந்த கண்ணைக் கழுவினால் தண்ணீரில் இருக்கும் கிருமி நேராக உள்ளே போகும். இரண்டாவது, துண்டை மடித்து இறுக்கிக் கட்டினார்கள். ஒழுகும் தண்ணீர்ப் பையை அமுக்கினால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது வெளியே வரும். செய்ய வேண்டியது, கண்ணைத் தொடாமல், ஒரு பேப்பர் டம்ளரின் அடிப்பாகத்தை வெட்டி, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் மட்டும் படுகிற மாதிரி வைத்து டேப் போடுவது. ஏதாவது குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கக் கூடாது, அப்படியே வர வேண்டும். மூன்றாவது, “மயக்கமா வருது, ஏதாச்சும் சாப்பிடு” என்று வழியில் டீக்கடையில் நிறுத்தி டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பன்னால் அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் தள்ளிப்போனது. கிழிந்த கண்ணுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் தைப்பார்கள். கண்புரைக்குப் போடுவதுபோல் கண்ணைச் சுற்றி ஊசி போட்டால், அந்த மருந்தின் அழுத்தமே கண்ணுக்குள் இருப்பதை வெளியே தள்ளிவிடலாம். முழு மயக்கத்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் காயத்தை மூடிவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும் ஆபத்து குறைகிறது என்பதால் அந்த ஆறு மணி நேரம் சும்மா போகிற ஆறு மணி நேரம் இல்லை.

அவன் அம்மா இன்னொன்றும் சொன்னார். “கருப்பா ஒரு அழுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. நான் முந்தானையால தொடைக்கப் போனேன், அவன் விடல.” நல்லவேளை விடவில்லை. அது அழுக்கு இல்லை, ஐரிஸ். கார்னியாவில் ஓட்டை விழுந்ததும் உள்நீர் பாய்ந்து வரும்போது, பின்னால் இருக்கும் ஐரிஸையும் இழுத்துக்கொண்டு வந்து அந்த ஓட்டையில் அடைத்துவிடும். ஒரு வகையில் கண் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் அடைப்பான் அது. அப்போது வட்டமாக இருக்க வேண்டிய பாப்பா காயத்தின் பக்கம் இழுபட்டு, வேப்பங்கொட்டை மாதிரி நீண்டு தெரியும். பார்த்தவுடனே எங்களுக்குப் புரிந்துவிடும். இதைத் துடைத்திருந்தால், பிய்த்திருந்தால், கதையே வேறு.

காயம் முழுசாக ஊடுருவியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தாடையை வைத்து உட்கார்வீர்களே, அந்த ஸ்லிட் லேம்ப் மெஷினில்தான். நீர் கசிந்தால், அடர்ந்த சாயத்தின் நடுவே பச்சையாக மின்னிக்கொண்டு ஒரு கோடு, பாறையிலிருந்து ஊற்று இறங்குவது மாதிரி கீழே ஓடும். முதன்முதலில் படிக்கும் காலத்தில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. உலோகச் சில்லு தெறித்த காயம் என்றால் உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எம்ஆர்ஐ கிடையாது. அந்தக் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்பை இழுத்துவிடும். டிடி ஊசியும், கிருமியைக் கொல்லும் மருந்தும் கூடவே தொடங்கிவிடும். வேலையிடத்து அடி என்றால் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவு, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க அந்தக் காகிதம் வேண்டும்.

மூடும் வழிகளில் எளியது, கண்மேல் ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸை வைத்துவிடுவது. கிழிசல் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி இருந்தால் அது தானே ஒட்டிக்கொள்ளும், லென்ஸ் ஒரு கட்டுத்துணி போல மேலே இருந்தால் போதும். 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சின்ன ஓட்டைக்கு சயனோஅக்ரிலேட் என்கிற பசையைச் சொட்டி, அதன்மேல் லென்ஸ் வைப்பதுண்டு. கடையில் விற்கும் உடனடிப் பசையின் குடும்பம்தான், ஆனால் இது மருத்துவத்துக்காகச் செய்த வேறு வகை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்துவிடக் கூடாது.

நம் தம்பிக்கு ஐந்து மில்லிமீட்டர் கிழிசல். தையல்தான் வழி. அந்த நூலுக்கு ‘டென் ஓ நைலான்’ என்று பெயர். கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவு, தலைமுடியின் பாதிகூடத் தேறாது. கையில் வைத்தால் இருப்பது தெரியாது, ஃபேன் காற்றுக்குப் பறந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே, பிறை வடிவ ஊசியை இடுக்கியால் பிடித்துத் தைக்கிறார்கள்.

முதலில் வெளியே வந்த ஐரிஸைப் பார்ப்பார்கள். நிறம் மாறாமல் உயிரோடு இருந்தால் கழுவி மெல்ல உள்ளே தள்ளுவார்கள். வெகுநேரம் வெளியே கிடந்து வெளுத்துப்போயிருந்தால், கிருமி ஏறியிருந்தால், வெட்டிவிட வேண்டியதுதான். சீக்கிரம் வாருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு கெட்டியான ஜெல் ஒன்றை உள்ளே செலுத்தி, சுருங்கிப்போன கண்ணுக்கு உருவம் கொடுப்பார்கள். காயம் வெள்ளைவிழி வரைக்கும் ஓடியிருந்தால், கருப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில் முதல் தையல் விழும். கரை போட்ட புடவை கிழிந்தால் முதலில் கரையோடு கரையைப் பொருத்திக்கொண்டுதானே தைப்போம்? அதே கணக்கு. கரை பொருந்தினால் மற்றதெல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும்.

ஊசி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. கனத்தில் சுமார் 90 சதவீதம் இறங்க வேண்டும், முழுசாகத் துளைக்கக் கூடாது. மேலாகத் தைத்தால் உள்பக்கம் வாய் பிளந்து நிற்கும். துளைத்துவிட்டால் நூல் வழியாகக் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். அரை மில்லிமீட்டரில் 90 சதவீதம்! இரண்டு பக்கமும் ஒரே ஆழம். இல்லாவிட்டால் ஒரு விளிம்பு மற்றதன்மேல் ஏறி நிற்கும். ஓரத்தில் தையல்கள் நீளமாகவும் இறுக்கமாகவும், நடுவை நெருங்க நெருங்கக் குட்டையாகவும் தளர்வாகவும் விழும். ஓரம் தட்டையாகி, நடு மேடாக நிற்க வேண்டும் என்பதற்காக, அதாவது அந்த 43 டயாப்டர் வளைவைக் காப்பதற்காகச் செய்கிற ஏற்பாடு இது. பாப்பாவுக்கு நேர் எதிரே முடிந்தவரை தையலே போட மாட்டார்கள். நூல் போகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பூ விழுமே. கடைசியில் முடிச்சுகளைச் சுழற்றி, சதைக்குள் புதைப்பார்கள். புதைக்காவிட்டால் இமை மூடும்போதெல்லாம் முள்ளாக உறுத்தும்.

எல்லாம் முடிந்து சாயம் தொட்டுப் பார்ப்பார்கள். பச்சை ஊற்று இல்லையென்றால் அன்றைய வேலை முடிந்தது.

ஆக, மறுநாள் காலையில் அந்தத் தம்பியின் கண் எப்படி இருந்தது? கார்னியா நீர் கோத்து வீங்கியிருந்தது. ஐந்து தையலும் அதை ஐந்து பக்கம் சுருக்கிப் பிடித்திருந்தன. உள்ளே கொஞ்சம் ரத்தம் கலங்கியிருந்தது. தண்ணீர் வழியும் பஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. கை அசைவது தெரிந்தது என்பதே எனக்கு நல்ல செய்தி. அந்த அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். “அம்மா, நேத்து ராத்திரி கண்ணைக் காப்பாத்தியிருக்காங்க. பார்வைக்கு இனிமேதான் வேலையே ஆரம்பிக்குது.” அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் அதிகமானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வலி போய்விடும், சிவப்பு குறைந்துவிடும், ரெண்டு வாரத்தில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவார்கள். தையல் தளர்ந்தால் அதில் சளி கோத்துக் கிருமி சேரும். அதனால் உறுத்தல் திரும்ப வந்தாலோ, கண் மறுபடி சிவந்தாலோ, வலி கூடி பார்வை குறைந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். அடிபடாத மற்ற கண்ணில் வெளிச்சம் கூசினாலோ மங்கலாகத் தெரிந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். ஒரு கண் கிழிந்த பிறகு, உடலின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக நல்ல கண்ணையும் தாக்குவது எப்போதாவது நடக்கிறது. வாரங்கள் கழித்தும் வரலாம், வருஷங்கள் கழித்தும் வரலாம். அரிதுதான், ஆனால் சீக்கிரம் பிடித்தால் அடக்க முடிகிறது.

பெரியவர்களுக்குத் தையலை மூன்று மாதம் வாக்கில், காயம் பிடித்திருப்பதைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். குழந்தைகளுக்குச் சதை வேகமாகக் கூடுவதால் சில வாரங்களிலேயே எடுத்துவிடுவதுண்டு. குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு அவசரமும் உண்டு. ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் பல மாதம் மங்கலாகவே இருந்தால், மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிடும். பின்னால் கார்னியாவைப் பளிங்கு மாதிரி ஆக்கினாலும் பார்வை வராது. அதனால்தான் பென்சில் குத்திய குழந்தைக்கு, காயம் ஆறியவுடன் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டிவைக்கச் சொல்கிறோம். குழந்தை அழுகிறதே என்று ஸ்டிக்கரைப் பிரித்துவிடும் பாட்டிகள் எல்லாருக்கும் என் கெஞ்சல் இது: பிரிக்காதீர்கள்.

தையல் எடுத்த பிறகும் வளைவு கோணலாக இருந்தால் சிலிண்டர் பவர் வரும். சாதாரண மூக்குக்கண்ணாடி ஒழுங்கான கோணலைச் சரிசெய்யும். மேடும் பள்ளமுமாக இருந்தால் முடியாது. அங்கே கை கொடுப்பது கெட்டி வகைக் கான்டாக்ட் லென்ஸ். அது தன் வடிவத்தில் விறைப்பாக நிற்கும். அதற்கும் கார்னியாவுக்கும் நடுவே கண்ணீர் போய்ப் பள்ளங்களை நிரப்பிவிடும். குண்டும் குழியுமான ரோட்டில் மழைத் தண்ணீர் நின்று சமமாகத் தெரியுமே, அப்படி. இதில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை, ஆனால் சில கண்களில் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வரி அதிகம் படிக்க வைத்துவிடும்.

பூ நடுவிலேயே விழுந்து, லென்ஸும் உதவாவிட்டால் மாற்று கார்னியா பொருத்துவதுதான் வழி. அதன் கதை ஒரு காயத்தில்தான் தொடங்குகிறது. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், சுண்ணாம்பு நீற்றும்போது தெறித்து இரண்டு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு, மனிதக் கார்னியாவை வெற்றிகரமாகப் பொருத்தினார். கார்னியாவைக் கொடுத்தது 11 வயதுப் பையன். உலோகத் துண்டு பாய்ந்ததால் எடுத்தே ஆக வேண்டியிருந்த அவனுடைய கண்ணிலிருந்துதான் அது வந்தது. ஒரு வேலையிடக் காயமும் இன்னொரு இரும்புத் துண்டும் சேர்ந்து அந்த நாள் நடந்திருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து, 1945-இல், இந்தியாவின் முதல் கண் வங்கி நம் எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் முத்தையாவின் முயற்சியில் தொடங்கியது. 1819-இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

சுண்ணாம்பு என்று வந்துவிட்டதால், முன்னால் பாதியில் விட்டதை முடிக்கிறேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை விளையாட்டாக அமுக்க, அது வெடித்துக் கண்ணில் பீச்சியடிப்பதை எங்கள் துறையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆசிட் பட்டால் மேல் சதை வெந்து ஒரு தடுப்பாக நிற்கும். சுண்ணாம்பு போன்ற காரம் சதையைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், எது கைக்குக் கிடைத்தாலும் சரி. இமையைத் திறந்து பிடித்து, அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். இமைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகளை ஆஸ்பத்திரியில் இமையைப் புரட்டி எடுப்பார்கள்.

இந்தக் கண்களுக்குத் தையலால் பயனில்லை. கார்னியாவின் மேல்தோலை வளர்க்கும் விதைச் செல்கள் கருப்பும் வெள்ளையும் சேரும் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. காரம் அவற்றை எரித்துவிட்டால், மாற்று கார்னியா வைத்தாலும் அதன்மேல் தோல் நிலைக்காது. முதல் கட்டத்தில், குழந்தை பிறந்த பின் நஞ்சுக்கொடியிலிருந்து பதப்படுத்தி எடுக்கும் மெல்லிய பனிக்குடச் சவ்வைப் போர்த்துவார்கள். பிறகு நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளியூண்டு சதையை எடுத்து, துண்டுகளாக்கி, அடிபட்ட கண்ணில் நாற்று நடுவதுபோல் பரப்புவார்கள். இந்த எளிய முறையை உருவாக்கி 2012-இல் வெளியிட்டவர்கள் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். இரண்டு கண்ணும் எரிந்து, கண்ணீரே வற்றிப்போனவர்களுக்குக் கடைசி வழியாக ஒன்று இருக்கிறது. கேட்டால் நம்ப மாட்டீர்கள். நோயாளியின் கோரைப் பல்லை வேரோடும் எலும்போடும் எடுத்து, அதில் துளையிட்டு ஒரு பிளாஸ்டிக் லென்ஸைப் பதித்து, அதைக் கண்ணில் வைக்கிறார்கள். சொந்தப் பல் என்பதால் உடல் தள்ளிவிடுவதில்லை. 1960-களில் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி என்ற மருத்துவர் தொடங்கியது. சென்னையிலேயே சங்கர நேத்ராலயாவில் இதைச் செய்கிறார்கள்.

கண் தானம் பற்றிக் கேட்பவர்களுக்காக: இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வயது தடையில்லை, கண்ணாடி போட்டவர், சர்க்கரை இருந்தவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர் எல்லாரும் கொடுக்கலாம். கண் வங்கி ஆள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். முகம் விகாரமாகாது.

அம்பத்தூர்த் தம்பிக்கு மாற்று கார்னியா தேவைப்படவில்லை. கிழிசல் நடுவுக்குக் கீழே முடிந்திருந்தது அவன் அதிர்ஷ்டம். மூன்று மாதம் கழித்து, மரப்பு மருந்து விட்டு, ஸ்லிட் லேம்ப்பில் உட்காரவைத்து டாக்டர் கடைசித் தையலை எடுத்தார். இடுக்கி முனையில் தொங்கிய நூலை அந்த அம்மா பார்க்க வேண்டும் என்றார். விரலில் ஒட்டிக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கம்மா, ஒண்ணும் காணோமே?” என்றார். இருந்தது, கருப்பாக ஒரு இழை.

இன்னும் சில வாரம் பொறுத்து, கெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். முதலில் கண் கூசித் தண்ணீராகக் கொட்டியது. அரை மணி நேரம் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டேன். இடது கண்ணை மூடிக்கொண்டு தமிழ் எழுத்துச் சார்ட்டை மேலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஐந்தாவது வரிவரை தடையில்லாமல் வந்தான். ஆறாவதில் இரண்டு எழுத்துத் தப்பு. அவன் அம்மா எழுந்து சார்ட் பக்கம் போய், ஐந்தாவது வரியில் விரலை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதுவரைக்குமாம்மா?” ஆமாம் என்றேன். அந்த வரியைத் தானும் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.